ஓட்டுச் சீட்டில் ஒரு சுழி

கை தன் வேலையை முடித்துவிட்டிருந்தது. காயாரோகணம் குனிந்து பார்த்தபோது ஓட்டுச் சீட்டின் உச்சியில், மாநில முத்திரைக்கும் மேலே வெள்ளையாக விட்டிருந்த இடத்தின் நட்டநடுவில், ஊதா நிறத்தில் ஒரு பிள்ளையார் சுழி உட்கார்ந்திருந்தது. கூச்சப்பட்டு மூலையில் ஒதுங்கிய சுழியும் இல்லை. வயிற்றை வளைத்து, வாலை இழுத்து, அடியில் இரண்டு கோடும் போட்டு, சம்மணமிட்டு உட்கார்ந்த சுழி. பென்சிலை நாக்கில் தொட்டது ஞாபகம் இருந்தது. கூட்டாளி மரைக்காயர் கேட்டுக்கொண்டபடி அவருக்காக, அல்லாவின் பெயரால் தொடங்கும் பிஸ்மியை வாய்க்குள் சொன்னதும் ஞாபகம் இருந்தது. அதற்கும், கீழே ஓல்சன் என்ற பெயரைத் தேடியதற்கும் நடுவில் கை எப்போது மேலே போனது, எப்போது வளைந்தது என்பது மட்டும் ஞாபகத்தில் இல்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். இங்கே கவர்னர் பிடிக்கப் போய்ப் பிள்ளையார் வந்துவிட்டார். ஓட்டுக் கூண்டின் பலகையில், கண்ணுக்கு நேரே, ஓர் அட்டை அடித்து வைத்திருந்தார்கள். ஒரு மாதமாகத் தபாலாபீசு சுவரில் தொங்கிய அதே அட்டை, அவனுக்கு மனப்பாடம். ஓட்டுப் போடுபவர் ஐந்து நிமிடத்துக்கு மேல் கூண்டில் இருக்கக் கூடாது. பெயருக்கு நேரே பெருக்கல் குறி போட வேண்டும். அதைத் தவிரச் சீட்டில் வேறு எந்த அடையாளம் இருந்தாலும், அழித்த தடம் இருந்தாலும், அந்தச் சீட்டு எண்ணப்படாது. முன்பெல்லாம் காசு வாங்கிக்கொண்டு ஓட்டுப் போட்டவர்கள், போட்டதற்குச் சாட்சியாகச் சீட்டில் புள்ளியோ பூவோ வரைந்து வைப்பார்களாம். அதை ஒழிக்க வந்த சட்டம். பிள்ளையார் யாரிடமும் காசு வாங்கவில்லை என்று சட்டத்துக்கு எப்படித் தெரியும். அவன் கட்டைவிரலால் ஒரு தேய்ப்புத் தேய்த்துப் பார்த்தான். எச்சில் பட்டால் மையாகிவிடுகிற பென்சில் அது. வால் கொஞ்சம் கலங்கியது, அவ்வளவுதான், விரல் ஊதாவானது.

சுவர்க்கடிகாரம் டக் டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. எல்டன் என்ற இந்த ஊரில் இந்தப் பேட்டைக்கு ஓட்டுச் சாவடி முடிவெட்டும் கடைதான். நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, மூன்று கூண்டுகளைக் கித்தான் திரை போட்டு நிறுத்தியிருந்தார்கள். கண்ணாடியைச் செய்தித்தாளால் மூடியிருந்தும் ஓர் இடத்தில் தாள் விலகி, அவனுடைய ஒரு காதும் அரைக் கன்னமும் அதில் தெரிந்தன. ஊருக்கு வந்து நாலு வருஷத்தில் அவன் இந்தக் கடைக்குள் காலெடுத்து வைப்பது இதுதான் முதல் தடவை. வந்த வாரமே ஒருநாள் வாசல் வரை போனான். கடைக்காரர் கத்தரியை நிறுத்தி, கோபம்கூட இல்லாமல், இங்கே உன் மாதிரி முடிக்குக் கத்தரி இல்லை என்றார். அன்றிலிருந்து மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மரைக்காயர்தான் அவனுக்கு முடி வெட்டிவிடுகிறார், மரைக்காயருக்கு அவன். இரண்டு பேருக்கும் காதுக்கு மேலே படிக்கட்டு. இன்று மட்டும் சட்டம் அவனை உள்ளே கூப்பிட்டு, வாசனைத் தைலம் மணக்கிற இந்த மூலையில், ஒரு சீட்டையும் பென்சிலையும் கொடுத்து நிறுத்தியிருக்கிறது. அப்படி நிறுத்திய மரியாதைக்கு அவன் செய்த காரியம் இது. நினைக்க நினைக்கக் காது சுட்டது. கண்ணாடியில் தெரிகிற காது சிவக்கவா போகிறது, அதுவரைக்கும் லாபம். உள்ளே வந்ததே பெரும்பாடு. மேசைக்கு அந்தப் பக்கம் பெனட் என்ற கிழவர், பழைய பள்ளிக்கூட வாத்தியார், இன்று சாவடித் தலைவர். அவருக்குப் பக்கத்தில் வீலர். ஆப்பிள் கட்டும் கொட்டகையில் காயாரோகணத்துக்கு மேஸ்திரி, இங்கே கவர்னர் பதவிக்கு நிற்கும் கார்வர் கட்சியின் ஏஜெண்டு, சட்டையில் கார்வர் படம் போட்ட வில்லை. வாக்காளர் புத்தகத்தில் அவன் பெயர் காயா ரோகன் என்று இருந்தது. கரையிறங்கிய அன்று கப்பல் அதிகாரி காதில் விழுந்தது அவ்வளவுதான். நாகப்பட்டினத்துச் சாமியின் பெயர் பாதி கடலில் விழுந்து, மீதி ஐரிஷ்காரன் பெயராகிவிட்டது. "ஆட்சேபணை," என்றான் வீலர், காயாரோகணத்தின் முகத்தைத் தினமும் பார்க்கிறவன், இன்றுதான் பார்ப்பதுபோல. "இவனுக்கு ஓட்டுக் கிடையாது. குடியுரிமை இருந்தாலும் படிக்கத் தெரியாது." பெனட் குடியுரிமைப் பத்திரத்தை வாங்கிப் பார்த்தார், கையைத் தூக்கிச் சத்தியம் செய்யச் சொன்னார், அட்டையை எடுத்து வாசிக்கச் சொன்னார். அவன் வாசித்தான். மனப்பாடம் ஆனதை வாசிப்பதும் ஒரு சங்கடம், கண் வார்த்தைக்கு முன்னால் ஓடிவிடுகிறது. பின்னால் நின்ற மிசஸ் டோரன், அவன் குடியிருக்கும் வீட்டுக்காரி, குடையால் தரையைத் தட்டினாள். "நாலு வருஷமா என் வீட்டு மாடியில வெங்காயம் தாளிக்கிறான். அவன் இந்த நாட்டுக்காரன்தான். சீக்கிரம் விடுங்க, வெளியில மழை." சனங்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில்தான் அவன் உள்ளே வந்தான்.

இந்தச் சுழியை வீலருக்குத் தெரியும். வெறும் தெரிதல் இல்லை, நன்றாகத் தெரியும். தினமும் காலையில் முதல் ஆப்பிள் பெட்டி மேசைக்கு வந்ததும் காயாரோகணம் தூரிகையை எடுப்பதற்கு முன்னால் பெட்டியின் ஓரத்தில் சாக்கட்டியால் ஒரு சுழி போடுவான். அப்புறம்தான் ஊர்ப் பெயர், தோட்டத்தின் பெயர், எடை. கொட்டகையில் அதற்கு ரோகனின் தூண்டில் என்று பெயர். என்ன மீன் பிடிக்கிறாய் ரோகன் என்று பெண்பிள்ளைகள் கேட்பார்கள். வீலர் மட்டும் கேட்டதில்லை, அதைக் கையால் தேய்த்துவிட்டுப் போவான். இன்று சாயங்காலம் ஓட்டுப் பெட்டியைத் திறந்து சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணும்போது வீலர் மேசையருகில் நிற்பான். தூண்டில் வரும். யாருடைய சீட்டு என்று நாலு பேருக்கு வாய்விட்டுச் சொல்வான், யாருக்குப் போட்டிருக்கிறான் என்பதையும் பார்த்துவிட்டுத்தான் செல்லாதென்று ஒதுக்குவான். செல்லாத ஓட்டு, தெரிந்துபோன ஓட்டு, ஒரே அடியில் இரண்டு. முன்பு நாகப்பட்டினம் துறைமுகத்தில் சரக்கு மூட்டைகளுக்கு அடையாளம் எழுதும் வேலை பார்த்தபோதும் இதே கைதான். பினாங்கு போகிற மூட்டை, கொழும்பு போகிற மூட்டை, எதுவானாலும் முதல் மூட்டைக்குச் சுழி. ஒரு தடவை கவர்னர் துரை கப்பலில் வந்தார். எந்த வருஷம், எந்தத் துரை என்பதெல்லாம் மறந்துவிட்டது. தெருவெல்லாம் வாழைமரம் கட்டினார்கள். சுவர்களுக்குச் சுண்ணாம்பு, அதுவும் சாரட்டு வண்டியில் உட்கார்ந்தால் தெரிகிற உயரம் வரைக்கும்தான். அவரை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. மூட்டையை இறக்குவதுபோல லண்டன் அவரைக் கொண்டுவந்து இறக்கியது, நாம் கும்பிட்டோம். அவருடைய தோல்பெட்டிகள் படகிலிருந்து இறங்கியபோது காயாரோகணம் பழக்க தோஷத்தில் முதல் பெட்டியில் ஒரு சுழி போட்டுவிட்டான். ஒருவரும் கவனிக்கவில்லை. பிள்ளையார் கவர்னரோடு ஊர் ஊராகப் போய்வந்திருப்பார். இங்கே கவர்னராக வேண்டியவன் சந்தைத் திடலில் மரப்பெட்டிமேல் ஏறி நின்று, தொப்பியைக் கழற்றி, ஆப்பிள் கட்டுகிறவனிடம் ஓட்டுக் கேட்கிறான். இதை நாகப்பட்டினத்தில் போய்ச் சொன்னால் கதை அளக்கிறான் என்பார்கள். ஆனால் அங்கே சுழியோடு போன பெட்டி போய்ச் சேர்ந்தது. இங்கே சுழியோடு போகிற சீட்டுப் போய்ச் சேராது. எது நல்ல ஊர் என்று யோசித்தால் தலை சுற்றுகிறது, அதை யோசிக்க இது நேரமும் இல்லை. கடிகாரம் எத்தனை அடித்தது என்று அவன் எண்ணவில்லை.

தெருவுக்கு எதிர்ப்பக்கம் மேப்பிள் மரத்தடியில் மரைக்காயர் நின்றுகொண்டிருப்பார். ஓட்டு இல்லாதவர்கள் நூறடிக்கு இப்பால் வரக் கூடாது என்று கயிறு கட்டியிருக்கிறார்கள். சுல்தான் மரைக்காயர் நாகூர்க்காரர், கப்பலில் சமையல்காரராக வந்து, இறங்கி, நதிக்கு அக்கரையில் மர அறுவை ஆலையில் சமைக்கிறார். இக்கரை ஒரு மாவட்டம், அக்கரை ஒரு மாவட்டம். போன வருஷம் இரண்டு பேரும் ஒரே நாளில் குடியுரிமைக்கு மனுப் போட்டார்கள், ஒரே வாரத்தில் கோர்ட்டுக்குப் போனார்கள். இங்கே இருந்த நீதிபதிக்குப் பல்வலி. கன்னத்தில் துணியைக் கட்டிக்கொண்டு முதல் ஜனாதிபதி யார் என்றார், ஜார்ஜ் ராஜாவை விட்டுவிடுகிறாயா என்றார். விட்டுவிடுகிறேன் என்றான் காயாரோகணம். பிடித்திருந்தால்தானே விடுவதற்கு. நாலு நிமிடத்தில் பத்திரம் கைக்கு வந்தது. அக்கரை நீதிபதிக்குப் பல் நன்றாக இருந்தது போலிருக்கிறது. அதே கேள்விகளைக் கேட்டார், மூக்குக்கண்ணாடிக்கு மேலே மரைக்காயரைப் பார்த்தார், வெள்ளையர் அல்லாதவருக்கு இல்லை என்றார், அடுத்த ஆளைக் கூப்பிட்டார். இதில் வேடிக்கை, மரைக்காயர் மாம்பழ நிறம். காயாரோகணம் பக்கத்தில் நின்றால் துரை மாதிரி இருப்பார். அன்றைக்கு ராத்திரி இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் மிசஸ் டோரன் கதவைத் தட்டினாள். சிரித்து முடித்ததும் மரைக்காயர் தன் மனுவை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு ஒருநாள் சொன்னார், "தம்பி, உனக்கு ஓட்டு வந்தா அதுல பாதி எனக்கு. ஒரே கேள்விதான் ரெண்டு பேருக்கும் கேட்டான். பதிலும் ஒண்ணுதான்." அவன் சரி என்றான். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. ஆனால் போன ஒரு மாதமாக மரைக்காயர் செய்தித்தாளை வரி விடாமல் படிக்கச் சொல்லிக் கேட்டார். கார்வர் என்கிறவன் ஆசியாக்காரர்களை அடுத்த கப்பலில் ஏற்றுவேன் என்று திடலுக்குத் திடல் பேசுகிறான். அவனை எதிர்த்து நிற்கும் ஓல்சன் அதைப் பற்றி வாயே திறப்பதில்லை. கொட்டகை வேலை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று மட்டும் பேசுகிறான். "வாய் திறக்காதவன் நல்லவன்னு எப்படிச் சொல்றீங்க மரைக்காரே? சொல்லாமக் குத்துறவனும் உண்டே." "சொல்லிட்டுக் குத்துறவனுக்கு நாமளே கத்தியக் கொடுக்கறதுக்கு, இது பரவால்ல தம்பி." மூன்று ஞாயிற்றுக்கிழமை முடி வெட்டும்போதெல்லாம் இதே வழக்கு. கடைசியில் ஓல்சன் என்று தீர்ப்பானது. இன்று காலையில் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று மரைக்காயர் சொன்னது ஒன்றே ஒன்று. "எழுதறதுக்கு முந்தி ஒரு பிஸ்மி சொல்லிடு. என் பாதிக்கு." சொல்லிவிட்டு நல்ல தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். ஓட்டுப் போடப் போகிறவர் மாதிரி உடுத்தி வந்திருந்தார், கழுத்துப் பட்டிகூட.

போன முறை கவர்னர் தேர்தலில் இந்த மாவட்டத்தில் வித்தியாசம் பதினோரு ஓட்டு. பதினோரு பேர் என்றால் மிசஸ் டோரன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இடித்துப் பிடித்து உட்கார்ந்துவிடலாம். அந்த மேசையில் ஒரு நாற்காலி இது. அதைத்தான் அவன் கெடுத்து வைத்திருக்கிறான். கெட்டுப்போன சீட்டைத் திருப்பிக் கொடுத்தால் வேறு தரப்படும், மூன்று வரை, என்று அட்டையில் கடைசி வரி இருக்கிறது. அந்த வரியை அவன் முதலிலேயே பார்த்துவிட்டான். பார்த்துவிட்டுத்தான் மற்றதையெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தான், மருந்துக்குப்பியை வைத்துக்கொண்டு வலியைப் பற்றிப் பேசுகிறவன் மாதிரி. திரையை விலக்க வேண்டும். ஆறடி நடக்க வேண்டும். வீலர் இருக்கிறான். படிக்கத் தெரியாதவன் என்று நான் சொன்னேனே என்பான். பிரித்துக் காட்டு என்பான். காட்டினால் தூண்டில். மறுபடி வாசிக்கச் சொன்னால், இந்த நிமிடம் அவன் இருக்கிற நிலையில், நாக்கு எழும்புமா? பேசாமல் மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டால் மரியாதையாக வெளியே போய்விடலாம். போட்டேன் என்று மரைக்காயரிடம் சொல்லலாம். அது பொய்யும் இல்லை. மரைக்காயர் கழுத்துப் பட்டியை நீவிக்கொண்டு சிரிப்பார். ஜன்மத்துக்கும் அவருக்குத் தெரியாது. அங்கேதான் அது வந்து முள்ளாக நின்றது. தெரியாது என்பதுதான் அந்த முள். தன் பாதியை அவன் தூக்கிப் போடலாம். அவர் பாதியைத் தூக்கிப் போட இவன் யார். அவன் சீட்டை மடிக்கப் போய், நிறுத்தி, மறுபடியும் சுழியைப் பார்த்தான்.

ஊரில் இருக்கும் மனைவி நீலாயியின் சுழி இப்படி இருக்காது. அவளுக்கு எழுதத் தெரியாது. கடிதம் எழுதுவது அவள் தம்பி. அத்தானுக்கு மச்சினன் எழுதிக்கொண்டது, இங்கு எல்லோரும் க்ஷேமம் என்று பதினோரு வருஷமாக ஒரே வாசகம். சென்னைப் பட்டணத்தில் ஜெர்மன் கப்பல் குண்டு போட்டு எண்ணெய்த் தொட்டி எரிந்தது என்று எழுதிய கடிதத்திலும் எல்லோரும் க்ஷேமம்தான். ஆனால் தாளின் உச்சியில் இருக்கிற சுழியை மட்டும் அவள் போடுவாள். அவளுக்குத் தெரிந்த எழுத்து அது ஒன்றுதான். கடிதம் வந்ததும் காயாரோகணம் முதலில் படிப்பது அதைத்தான், சில நாள் அதை மட்டும்தான். தொடக்கத்தில் சுழி பெரிதாக, கோணலாக, தாளைக் கிழிக்கிற மாதிரி அழுத்தி இருந்தது. கோபம். பினாங்குக்கு ஒரு வருஷம் என்று சொல்லிப் போனவனுக்கு அது கிடைக்க வேண்டியதுதான். பிறகு சிறிதாயிற்று. போன கடிதத்தில் வால் கீழே வழிந்து, மச்சினன் எழுத்தின் முதல் வரியைத் தொட்டுவிட்டது. கண் மங்குகிறதா, கை நடுங்குகிறதா, அடுப்பில் ஏதாவது தீய்ந்துகொண்டிருந்ததா? க்ஷேமம் என்கிறான் மச்சினன். காயாரோகணத்துக்குச் சுழியின் பேரில்தான் நம்பிக்கை. பத்திரம் வந்ததும் அவளை அழைத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தான். கார்வர் வந்தால் கப்பல் எந்தத் திசையில் போகும் என்பதை எழுதவில்லை. அவன் தினமும் பெட்டியில் போடுகிற சுழிக்கு அவளிடமிருந்து பதில் வருவதாக ஒரு நினைப்பு, வெளியே சொன்னால் சிரிப்பார்கள். இப்போது அதே சுழி போடப்பட்ட தாளைக் கெட்டுப்போனது என்று தன் வாயால் சொல்லி நீட்ட வேண்டும். ஜார்ஜ் ராஜாவை விடச் சொன்னபோது சிரிப்பு வந்தது. இதை விடச் சொல்லி யாரும் அன்றைக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பான் என்று அவனுக்கே தெரியவில்லை. வெளியே பெனட் நாற்காலியை நகர்த்துகிற சத்தம் கேட்டது. "மிஸ்டர் ரோகன், நேரமாச்சு."

அவன் சீட்டை நாலாக மடித்துக்கொண்டு வெளியே வந்தான். பெனட் வாங்கிப் பெட்டியில் போடுவதற்காகக் கையை நீட்டினார். "இல்லீங்க," என்றான். குரல் தன்னுடையதுபோல இல்லை. "கெட்டுப்போச்சு. வேற ஒண்ணு வேணும்." வீலர் நாற்காலியில் பின்னால் சாய்ந்தான், அவன் முகத்தில் நல்ல சாப்பாடு சாப்பிட்ட சந்தோஷம். "நான் அப்பவே சொன்னேன். அட்டைய ஒப்பிச்சான், படிக்கல. பிரிச்சுப் பாருங்க, என்ன கிறுக்கியிருக்கான்னு." காயாரோகணத்தின் விரல்கள் மடிப்பை இறுக்கின. பெனட் வீலரைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. "பிரிக்கக் கூடாது. சட்டம் எல்லாருக்கும்தான் வீலர்." பிறகு பேரேட்டைப் புரட்டினார். "எதனால கெட்டுதுன்னு ஒரு வார்த்தை எழுதணும். என்ன எழுத?" காயாரோகணம் யோசித்தான். யானைத்தலைச் சாமி ஒன்று உண்டு, எதை எழுதினாலும் முதலில் அவருக்கு ஒரு வளைவு என்று ஆரம்பித்தால் முடிகிற கதையா. "கைப்பழக்கம்," என்றான். பெனட் அப்படியே எழுதிக்கொண்டார். மூன்றாவது கூண்டிலிருந்து வந்த மிசஸ் டோரன், "பழக்கம்தான்!" என்றாள். "பொம்பளைங்களுக்கு ஓட்டு வந்த மொத வருஷம் நான் என்ன பண்ணேன்? அடியில என் பேரக் கையெழுத்துப் போட்டுட்டேன். காகிதம்னா கையெழுத்துப் போடணும்னு நெனச்சேன்." வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவ்வளவுதான். இவ்வளவு நேரம் பூதமாக வளர்த்து வைத்திருந்தது இதுதான். பெனட் மடித்த சீட்டின் முதுகில் சிவப்பு மையால் கெட்டது என்று எழுதி, பழுப்பு உறை ஒன்றில் செருகினார். உறையை மாவட்ட ஆபீசுக்கு அனுப்புவார்கள், ஒரு வருஷம் வைத்திருந்து எரிப்பார்கள். அது உள்ளே போவதைக் காயாரோகணம் கடைசி ஓரம் மறைகிறவரை பார்த்தான். பயம் போன இடத்தில் துக்கம் வந்து உட்கார்ந்துவிட்டது. துக்கம்தான் அது, வேறு பெயர் இல்லை.

மறுபடி கூண்டு, மறுபடி அட்டை, கண்ணாடியில் அதே அரைக் கன்னம். புதுச் சீட்டின் உச்சி வெள்ளையாக இருந்தது. வலது கை பென்சிலை எடுத்ததுமே மேலே போகப் பார்த்தது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். அதற்கு நடுவில் ஓட்டுச் சாவடியும் வரும் போலிருக்கிறது. அவன் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். எழுத ஆரம்பித்த நாளிலிருந்து, ஒரு மூட்டை, ஒரு பெட்டி, ஒரு கடிதம்கூட அது இல்லாமல் ஆரம்பித்ததில்லை. கோவிச்சுக்காதே பிள்ளையாரப்பா என்று சொல்ல வாயெடுத்தான். வந்தது வேறு. காலையிலிருந்து ஞாபகம் வைத்துக்கொண்டிருந்ததால் வாய்க்கு அதுதான் அருகில் இருந்தது. பிஸ்மில்லா. வாயில் சொல்வது தாளில் தெரியாது. சட்டத்துக்கும் தெரியாது, வீலருக்கும் தெரியாது. அவன் மணிக்கட்டை விடாமலே, சிறு பிள்ளைக்குக் கைபிடித்து எழுதிக்கொடுப்பதுபோல, கையைக் கீழே கொண்டுபோய் ஓல்சன் என்ற பெயருக்கு நேரே ஒரு கோடு இழுத்தான், குறுக்கே இன்னொன்று. சுத்தமான குறி, யார் வேண்டுமானாலும் போட்டிருக்கலாம். கண் கரித்தது. இந்த முறை ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

பெனட் சீட்டை வாங்கி, எண் இருந்த நுனியைக் கிழித்துவிட்டு, பெட்டியின் வாயில் விட்டார். "காயா ரோகன், ஓட்டுப் போட்டாச்சு," என்று சபைக்குச் சொன்னார். வீலர் தன் பட்டியலில் கோடு போட்டான், நாளைக்குக் காலையில் முதல் பெட்டியைக் கொஞ்சம் அழுத்தித் தேய்ப்பான். வெளியே மழை தூறலாகியிருந்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கம், மேப்பிள் மரத்தடியில், மரைக்காயர் நல்ல தொப்பி நனைந்து விளிம்பு தொங்க நின்றுகொண்டிருந்தார்.

"என்னா தம்பி, உள்ள குடித்தனம் வச்சிட்டியா? உனக்குப் பின்னாடி போனவனெல்லாம் வீட்டுக்குப் போயிட்டான்."

"ரெண்டு சீட்டு எழுதினேன் மரைக்காரே."

"ரெண்டா?" மரைக்காயர் கண்ணை அகல விரித்தார். "அப்படின்னா பாதியாவது மண்ணாவது. உனக்கொண்ணு, எனக்கொண்ணு!" என்று தொடையில் தட்டிச் சிரித்தார்.

காயாரோகணம் சொன்னான். கை தானாகப் போனதை, அட்டையை, உறையை, இரண்டாவது சீட்டில் கையைப் பிடித்துக்கொண்டு வாயால் மட்டும் ஆரம்பித்ததை. மரைக்காயர் பாதியிலேயே சிரிப்பை நிறுத்திவிட்டார். ஒரு கட்டை வண்டி அவர்களைத் தாண்டிப் போயிற்று.

"அப்ப பெட்டிக்குள்ள விழுந்தது யாருது தம்பி?"

"உங்களுது," என்றான் காயாரோகணம். "என்னுது உறையில இருக்கு."

மரைக்காயர் நனைந்த தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தெருவுக்கு அந்தப் பக்கம் இருந்த முடிவெட்டும் கடையைப் பார்த்தபடி நின்றார். அவர் உள்ளே போக முடியாத கடை அது. அவருடைய ஓட்டு உள்ளே இருந்தது.